இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு மூன்று வயதில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று. "நாள் முழுக்க அள்ளி வைத்துக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி பார்த்தால் காலையில் இருந்ததைவிட மோசமாக இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா? திடீரென்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு மட்டும் இல்லை. என் வீட்டில் ஐந்து வயதில் ஒருத்தி, இரண்டரை வயதில் ஒருவன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சமாளிக்கிறீர்களா என்றால், வாரத்தில் நாலு நாள் ஆமாம். எங்கள் வீடு எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும் என்று யாராவது சொன்னால், போட்டோவில் தெரிகிற மூலையை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரொம்ப நாள் செய்த தப்பு, அழுக்கையும் இறைந்து கிடப்பதையும் ஒன்றாகப் பார்த்ததுதான். கூடம் முழுக்க பிளாக் கட்டைகள் கிடந்தால் அது அலங்கோலம். கொட்டின பால் சோபா இடுக்கில் இறங்கினால் அது அழுக்கு. முதலாவது எட்டு மணி நேரம் கிடந்தாலும் அப்படியேதான் கிடக்கும். இரண்டாவது அரை மணி நேரம் தாமதித்தால் நாற்றம், கறை, எறும்பு என்று வளரும். நானோ கட்டைகளைப் பத்து தடவை அள்ளிவிட்டு, களைத்துப்போய், பால் சிந்தின இடத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். இப்போது தலைகீழ். ஈரமானது, ஒட்டுவது, அழுகக்கூடியது எதுவானாலும் உடனே. மற்றதெல்லாம் நாளுக்கு ஒரே ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடம். நடுவில் கூடம் எப்படிக் கிடந்தாலும் தொடுவதில்லை.

தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். என் மனைவியால் முடியவில்லை. "உங்களுக்கு இதெல்லாம் கண்ணுலயே படாதா?" என்று கேட்பார். உண்மையிலேயே எனக்குப் படவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற தம்பதிகளை அவர்கள் வீட்டையே சுற்றிக்காட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். அது காலையில் அதிகமாக இருந்து இரவுக்குள் நன்றாக இறங்க வேண்டும். சாமான் குவிந்து கிடக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்று வீட்டைப் பற்றிப் பேசின மனைவிமாருக்கு அந்த இறக்கம் சரியாக இல்லை. இதைப் படித்த பிறகு நான் "விடு, பார்த்துக்கலாம்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக எங்கள் படுக்கையறையில் பொம்மை நுழையக்கூடாது என்று சட்டம் போட்டோம். வீட்டில் ஒரு அறையாவது கண்ணுக்கு ஓய்வாக இருக்கிறது. சட்டத்தை அடிக்கடி மீறுகிறவன் சின்னவன்.

அப்புறம் பொம்மைகள். அடுக்குவதில் நாங்கள் பண்ணாத வித்தை இல்லை. மூடி போட்ட பெட்டி, ஜிப் வைத்த பை எல்லாம் வாங்கிப் பார்த்தோம். கடைசியில் பலன் தந்தது, குறைத்தது மட்டும்தான். அமெரிக்காவில் உள்ள டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரு தடவை 4 பொம்மை, இன்னொரு தடவை 16 பொம்மை கொடுத்தார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். எனக்கு இது முதலில் நம்பும்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தூங்கும்போது முக்கால்வாசியை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். மறுநாள் பெரியவள் ஒரே ஒரு பொருளைத் தேடினாள்: ஒரு காது பிய்ந்த துணி முயல். அதை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். மற்றதை யாரும் கேட்கவே இல்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பெட்டி இறங்கும், ஒரு பெட்டி ஏறும். இறங்கி வருவதற்குப் புதுப் பொம்மைக்குள்ள வரவேற்பு கிடைக்கிறது. ராத்திரி அள்ளவும் பாதி நேரம்தான் ஆகிறது.

கீழே மிஞ்சினவற்றுக்கு மூடியே இல்லாத பெட்டிகள், பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில். ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன போகும் என்று படம் ஒட்டியிருக்கிறது, கார் பெட்டியில் கார் படம். மூடி இருந்தால் அது இரண்டு வேலை, குழந்தை ஒரு வேலைதான் செய்யும். சின்ன உயர அலமாரி, சின்னத் துடைப்பம் என்பதெல்லாம் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் பள்ளி ஆரம்பித்த காலத்திலிருந்து சொல்லி வருகிற விஷயம்தான். நாங்கள் கைக்கு அடக்கமாக ஒரு துடைப்பமும் முறமும் வாங்கினோம். சின்னவன் பெருக்கினால் குப்பை இடம் மாறும், அவ்வளவுதான். ஆனால் அவன் பெருக்கும் நேரத்தில் வேறு எதையும் கொட்டுவதில்லை.

"வீட்டைச் சுத்தம் பண்ணு" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. எனக்கே புரியாது. "சிவப்பு காரெல்லாம் எங்க தூங்கும்?" என்று கேட்டால் ஓடிப்போய்ப் பொறுக்குகிறான். உதவ வேண்டும் என்ற ஆசை இந்த வயதில் தானாகவே இருக்கிறது. பெரியவர்கள் கைதவறிப் போட்டதை ஒன்றரை வயதுக் குழந்தைகள் யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று வார்னெக்கன், டொமாசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2006-இல் காட்டினார்கள். அதே இருவர் 2008-இல் இன்னொன்றும் காட்டினார்கள். உதவினதற்குப் பரிசு வாங்கின குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்துபோனது. இதைத் தெரிந்துகொள்ளும் முன்பே நான் அனுபவித்துவிட்டேன். ஒதுக்கி வைத்தால் ஒரு ஸ்டிக்கர் என்று பெரியவளிடம் ஒப்பந்தம் போட்டேன். முதல் வாரம் அமோகம். மூன்றாவது வாரம், கீழே விழுந்த என் பேனாவை எடுத்துக் கொடு என்றேன். "எத்தனை ஸ்டிக்கர் தருவே?" என்றாள். அன்றோடு ஸ்டிக்கர் அட்டை குப்பைக்குப் போனது. பழைய நிலைக்கு வர ஒரு மாதம் ஆனது.

அலங்கோலம் கிடக்கட்டும் என்றேனே, அதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. உங்கள் சின்னவனுக்கு ஒரு வயது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பெரிய பிள்ளையின் சாமான் சின்னதின் வாய்க்குள் போகும். டிஷ்யூ பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைக்கு எட்டக்கூடாது. மணி, கோலிக்குண்டு, பேனா மூடி எல்லாம் எங்கள் வீட்டில் மேல் அலமாரியில்தான். பெரியவள் அவற்றை எடுத்தால் மேசையில் வைத்துத்தான் விளையாட வேண்டும். பொத்தான் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும் அளவுக்குப் புண்ணாக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒருநாள் சோபாவை நகர்த்திப் பெருக்கும்போது ஒரு பாட்டுப் பொம்மையின் பின்மூடி மட்டும் கிடைத்தது. பேட்டரியைக் காணோம். கடைசியில் அது பொம்மைக்குள்ளேயே சாய்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கைகால் ஓடவில்லை. இப்போது ஸ்குரூ போட்ட மூடி இல்லாத எந்த பேட்டரிப் பொம்மையும் வீட்டில் இல்லை.

குளியலறைப் பொம்மைகளையும் ஒரு பார்வை பாருங்கள். அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் வாத்து ஒன்று இருந்தது. வெளியே மஞ்சளாக, மினுமினுப்பாக இருக்கும். ஒருநாள் அழுத்தியபோது தண்ணீரோடு கறுப்பாகத் துணுக்குகள் வந்தன. கத்தரியால் இரண்டாக வெட்டினேன். உள்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, விரலால் தொட்டால் வழுவழுவென்று. வாரம் தவறாமல் சோப்புப் போட்டுக் கழுவின வாத்து அது! உள்ளே போன தண்ணீர் காயவே இல்லை, அதுதான் காரணம். இப்போது ஓட்டை இல்லாத பொம்மைகளை மட்டும் வைத்திருக்கிறோம்.

கறைகளுக்கு வருகிறேன். பால், ரத்தம், வாந்தி எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. சூடான தண்ணீர் பட்டால் துணியோடு இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு. மெத்தையில் மூத்திரம் போனால் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே இறங்கும். காய்ந்த துண்டை வைத்து மேலே ஏறி நின்று ஒற்றி எடுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றிவிட்டு, சமையல் சோடாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டு உதறுங்கள். எங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி விரிப்புக்கு அடியில் போட்ட நீர் புகா உறைதான். சுவரில் கிரேயான் கிறுக்கலுக்கும் அதே சோடா, ஈரத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதலில் கண்ணில் படாத மூலையில் தேய்த்துப் பாருங்கள், சில பெயின்ட் மங்கிப்போகும். நான் பார்க்காமல் தேய்த்தேன். கூடத்துச் சுவரில் கிறுக்கல் போய்விட்டது, அதன் வடிவத்தில் ஒரு மங்கல் மட்டும் இருக்கிறது.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்று கிருமிநாசினியைத் தினமும் ஊற்ற வேண்டியதில்லை. அன்றாடத் தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பிளீச் போன்றவை வாந்தி, பேதி நாட்களுக்கு. அப்போதும் எதையும் எதோடும் கலக்காதீர்கள். பிளீச்சும் அமிலம் கலந்த கழிப்பறை திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு. "ரெண்டையும் ஊற்றினால் டபுள் சுத்தம்" என்று நினைத்து ஒருமுறை ராத்திரி பதினோரு மணிக்கு நானே செய்திருக்கிறேன். கண் எரிந்து, தொண்டை அடைத்து, கதவைத் திறந்துபோட்டு வெளியே ஓடிவந்தேன். நல்லவேளை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவற்றைக் குடிக்கிற பாட்டில்களில் மாற்றி வைக்கவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, திடீர் விருந்தாளி. வாசல் மணி அடித்ததும் வீடு முழுக்க ஓடாதீர்கள். ஒரு துணிக்கூடையை எடுத்து சோபாவிலும் அதன் முன்னாலும் கிடப்பதை வாரிப்போட்டு உள்ளறையில் வையுங்கள், கதவைச் சாத்துங்கள். அடுத்து கை கழுவும் தொட்டியை ஒரு துடை. வருகிறவர்கள் உட்காருவதும் கை கழுவுவதும் அந்த இரண்டு இடத்தில்தான். எனக்கு நாலு நிமிடம் ஆகும். கூடையை மட்டும் அன்று ராத்திரியே பிரித்துவிடுங்கள். ஒருமுறை நாங்கள் மறந்துபோய் வண்டிச் சாவியை இரண்டு நாள் தேடினோம், அதற்குள்ளேதான் இருந்தது.