சுகர் வந்தால் சோற்றை அடியோடு நிறுத்தணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 55 வயது. போன வாரம்தான் சுகர் இருப்பது தெரிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். சோறு இல்லாமல் அவரால் இருக்க முடியாது. என்ன செய்வது?

நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். ஆனால் சோற்றுப் பானையில் கை வைக்கும் முன், அப்பா ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார் என்று எண்ணுங்கள்.

நான் திருநெல்வேலி - தென்காசி தடத்தில் கண்டக்டர். சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதலில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) 9.4. எனக்கும் இதே அறிவுரைதான் வந்தது. ராத்திரிச் சோறு போய் சப்பாத்தி, காலை இட்லி போய் கேழ்வரகுக் கூழ். மூன்று மாதம் வாயைக் கட்டியும் 9.1தான். டாக்டரம்மா தட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "டியூட்டி அன்னைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்றார்.

வண்டி எடுக்கும் முன் ஒன்று, ஆலங்குளத்தில் ஒன்று, தென்காசியில் இறங்கியதும் ஒன்று என்று விரல் விட்டால் ஏழு வந்தது. டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 14 ஸ்பூன், கிட்டத்தட்ட 60 கிராம். சுகர் இல்லாதவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் சோற்றைப் பழி சொல்லிக்கொண்டு, அந்த 25 கிராமைப்போல இரண்டு மடங்குக்கு மேல் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தேன். சீனி இல்லாத டீ பழக மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருக்கும்.

அதன் பிறகுதான் விரலில் குத்தி ரத்தத்தில் சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டர் வாங்கினேன். அதில் செருகுகிற சோதனைப் பட்டைக்குக் காசு ஆகிறது, தினமும் குத்த வேண்டியதில்லை. ஒரு மாதம் மட்டும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதினேன். எனக்கு டாக்டரம்மா வைத்த எல்லை 180. நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா: 231. ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ்: 238! மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: 168. முதலில் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல், பிறகு மீன் குழம்போடு ஒரு கப் சோறு: 161.

நோட்டைக் காட்டினால் வீட்டில் நம்பவில்லை. "கூழு உடம்புக்கு நல்லதுதானங்க, அது எப்படிக் கூடும்?" என்றாள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அரிசியானாலும் கோதுமையானாலும் கேழ்வரகானாலும் எடையில் முக்கால்வாசி அளவுக்கு மாவுச்சத்துதான். நைஸாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சினால் வயிற்றுக்கு வேலையே இல்லை, அப்படியே ரத்தத்தில் ஏறிவிடும். அதையே களியாகக் கிண்டி, கால் பங்கு எடுத்து, நிறையக் கீரைக் குழம்போடு சாப்பிட்டபோது எனக்கு இவ்வளவு ஏறவில்லை. உங்கள் அப்பாவுக்கு வேறு எண் வரலாம். அதனால்தான் குத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

கருப்பட்டி பற்றியும் கேட்பீர்கள். உடன்குடிக் கருப்பட்டியை விட்டுக்கொடுத்துப் பேச எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. ஆனாலும் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் அப்படியே. சீனி இல்லை, மைதா இருக்கிறதே.

சோற்றை ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து உண்டு. இதை யாரும் சொல்வதில்லை. ஒரு குற்றாலம் சீசனில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்து சாப்பிடலாம் என்று வண்டி ஏறிவிட்டேன். வழியெல்லாம் நெரிசல். பாவூர்சத்திரம் தாண்டும்போது சட்டை நனைந்துவிட்டது, கை நடுங்கியது, ஐம்பது ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று கணக்கு வரவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு ஆச்சி முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, ஒனக்கு சுகரு கிகரு இருக்கா? இந்தா, இத வாயில போடு" என்று பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய்களை அள்ளிக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. நான் சாப்பிட்டது கிளிமிபிரைடு, சோறு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். அப்பாவுக்கு எது எழுதியிருக்கிறார்கள் என்று சீட்டைப் பாருங்கள். தட்டில் பெரிதாக எதையும் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவையும் அவர் குறைக்க வேண்டி வரலாம். சுகர் 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். அந்த நேரத்தில் பிஸ்கட், சாக்லேட் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான்.

சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். தென்காசியில் வண்டி திரும்ப எடுக்க 15 நிமிஷம் கிடைக்கும். முன்பு டிரைவர் அண்ணாச்சியோடு உட்கார்ந்து பேப்பர் பார்ப்பேன், இப்போது ஸ்டாண்டைச் சுற்றி வருகிறேன். நடக்கிற கால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதே சோறு சாப்பிட்டு நடக்காத நாளைவிட எனக்கு 20, 30 குறைவாகக் காட்டுகிறது. ராத்திரி கால் கழுவும்போது பாதத்தில் வெடிப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கணும். கண்ணை வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டணும்.

இப்போது என் மூன்று மாதச் சராசரி 6.9. மதியம் ஒரு கப் சோறு உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை. டிபன் கேரியரில் மேல் அடுக்கில் பொரியல், கீழே சோறு. மேல் அடுக்கு காலியான பிறகுதான் கீழ் அடுக்கைத் திறக்கணும் என்பது வீட்டு உத்தரவு. பணப் பையில் சில்லறையோடு நாலு ஆரஞ்சு மிட்டாயும் எப்போதும் கிடக்கும்.