கிறிஸ்தவன் என்று அலுவலகத்தில் காட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது. இது கர்த்தரை மறுதலிப்பதா?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். எனக்கும் இந்தக் கேள்வி அப்போதுதான் வந்தது. ஆனால் கேள்வி வருவதற்குள் நான் மறுதலித்தே முடித்துவிட்டேன்.

சாப்பிடுமுன் ஜெபிக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அலுவலகத்தில் நாலு பேர் நடுவில் கண்ணை மூட வெட்கம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைப்பேன். குனிந்த வாக்கில் கண்ணை மூடினால் யாருக்கும் தெரியாது. பத்து விநாடியில் ஜெபம் முடிந்துவிடும். அந்த வருடம் என் கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

எதிரே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்காருவாள். அவள் எதையும் துடைப்பதில்லை. கைகளைக் கோத்து, ஜெபித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். ஒருநாள் எங்கள் குழுத் தலைவர் அவளுக்கு முந்திக்கொண்டு உரக்க "ஆமென்" என்றார். மேசையே சிரித்தது. அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பி, "பேரைப் பார்த்தா நீயும் அந்தக் கூட்டம்தானோ?" என்றார்.

"சேச்சே, அதெல்லாம் எங்கம்மாவோட சரி சார்."

யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை என் முகத்தில் இல்லை, கையிலிருந்த கண்ணாடியில் இருந்தது.

அன்று ராத்திரி பைபிளில் யோவான் 18ஆம் அதிகாரத்தை எடுத்தேன். இயேசுவின் சீஷன் பேதுரு, 'நான் அவருடைய ஆள் இல்லை' என்று மறுதலித்த இடம் அது. பேதுருவை முதலில் மடக்கியது பட்டயம் பிடித்த சேவகன் இல்லை, வாசல் காக்கிற வேலைக்காரி. பேதுரு நின்றிருந்ததோ, கரிநெருப்பு மூட்டியவர்களோடு குளிர்காய்ந்துகொண்டு. எனக்கும் அந்த மேசையில் குளிர்காய ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வேலை போகும் என்ற பயம்கூட இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயப்படுவது மறுதலிப்பு இல்லை. ஒதுங்கியிருப்பதும் எப்போதும் மறுதலிப்பு ஆகாது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் தலைமறைவானார். ஓடிப்போனவர் என்று சபைக்குள்ளேயே ஏசினார்கள். அதே சிப்ரியான் 258இல் விசுவாசத்தை விடாமல் தலையைக் கொடுத்தார். அவர் ஒளிந்தாரே தவிர, பலியிடவில்லை. நான் ஒளியவில்லை, 'இல்லை' என்றே சொன்னேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

உடனே யாரும் பின்னூட்டத்தில் மதச் சண்டைக்கு வர வேண்டாம். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள். உயிருக்கே ஆபத்தான இடத்தில் இருப்பவர்களுக்குப் புத்தி சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் நீ இயேசுவைக் குறித்து வெட்கப்படுகிறாய்' என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு படம் வருகிறதே, அதை அனுப்புகிற புண்ணியவான்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்படி எத்தனையோ அனுப்பியவன்தான் அன்று "சேச்சே" என்றேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, அதே மேசையில் வேறு யாரையோ வைத்து அதே கேலி. "நானும் அந்தக் கூட்டம்தான் சார்" என்றேன். குரல் கம்மிவிட்டது, இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நாள் 'பாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள், சாப்பிடக் கூப்பிடுவது குறைந்தது. அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அங்கே இல்லை. இரண்டு மாதம் முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. மூன்று முறை செய்தி எழுதி அழித்துவிட்டேன்.