வாசகர் கேள்வி பதில்: சரக்கு ரயில் பெட்டிகளை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: கடலூர் துறைமுகம் சந்திப்பில் நிற்கும் சரக்கு ரயில்களில், மூடிய வேகன்கள் சிலவற்றில் பி.சி.என். என்றும் சிலவற்றில் பி.சி.என்.எச்.எல். என்றும் எழுதியிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. உண்மையில் என்ன வேறுபாடு? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நிறத்தையும் தோற்றத்தையும் நம்பி வேகன்களை வகைப்படுத்தப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும், பக்கவாட்டில் எழுதப்பட்டுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் உறுதியான வழி. முதலில் வரும் 'பி', இரண்டு போகிகளின் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்களின்) மீது எட்டுச் சக்கரங்களுடன் ஓடும் வேகன் என்பதைக் குறிக்கிறது. அடுத்துள்ள 'சி' மூடிய வேகன். அந்த இடத்தில் 'ஓ' இருந்தால் திறந்த வேகன், 'டி' இருந்தால் டேங்கர். 'என்' என்பது காற்றழுத்த பிரேக்கைக் குறிக்கும். வெற்றிட பிரேக் கொண்ட பழைய வேகன்களும் காற்றழுத்த பிரேக் கொண்ட புதியவையும் சேர்ந்து ஓடிய காலத்தில் இந்த எழுத்து மிகவும் தேவைப்பட்டது. ஒரே வண்டியில் இருவகையையும் கலந்து கோத்தால் பிரேக் சீராக வேலை செய்யாது. இன்று ஏறக்குறைய எல்லாமே காற்றழுத்த பிரேக் ஆகிவிட்டபோதும் எழுத்து மட்டும் நிலைத்துவிட்டது.

கடைசியில் உள்ள 'எச்.எல்.' என்னும் இரண்டு எழுத்துகளில்தான் நீங்கள் கேட்ட வேறுபாடு இருக்கிறது. அச்சு ஒன்றுக்குக் கூடுதல் சுமை, வேகனின் சொந்த எடையோ குறைவு என்பது அவற்றின் பொருள். பழைய வடிவமைப்புகளில் ஓர் அச்சின் மீது 20.32 டன் வரை அனுமதிக்கப்பட்டது. புதியவற்றில் அது சுமார் 22.9 டன். நான்கு அச்சுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 81 டன்னிலிருந்து 91 டன்னுக்கு மேல் உயர்கிறது. உடற்பகுதிக்குத் துருப்பிடிக்காத எஃகு பயன்படுவதால் பி.சி.என்.எச்.எல். வேகனின் வெற்று எடை ஏறக்குறைய 21 டன். ஆகவே 70 டன்னுக்குச் சற்று மேல் சரக்கு ஏற்ற முடிகிறது.

எழுத்து அழிந்துபோயிருந்தால் நீளத்தைப் பாருங்கள். பி.சி.என். சுமார் 15.4 மீட்டர், எச்.எல். வகை சுமார் 11 மீட்டர்தான். அதனால்தான் 58 எச்.எல். வேகன்களை ஒரே ரேக்காக (ஒரே வண்டியாக ஓடும் வேகன் தொடராக) கோத்து, நிலையத்தின் துணைப்பாதைக்குள் அடக்கிவிட முடிகிறது. அரிசியும் உரமும் இறங்கும் கூட்ஸ் ஷெட்டில் ஒரே ரேக்கில் வந்துசேரும் மூட்டைகள் கூடியிருப்பதற்கு இந்தச் சிறிய பெட்டிகளே காரணம் என்பது வியப்பளிக்கலாம்.

கேள்வி: வேகனில் உள்ள 11 இலக்க எண்ணை மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன். அதில் என்னென்ன அடங்கியிருக்கின்றன? – ஆசிரியை, புதுச்சேரி

பதில்: மிக நல்ல எண்ணம். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகை. 10 முதல் 29 வரை திறந்தவை, 30 முதல் 39 வரை மூடியவை, 40 முதல் 54 வரை டேங்கர்கள், 85 முதல் 89 வரை கார்டு பெட்டிகள். அடுத்த இரண்டு இலக்கங்கள் உரிமையுள்ள ரயில்வே மண்டலம். நமது தெற்கு ரயில்வேக்கு 06. ஐந்தாவதும் ஆறாவதும் தயாரிக்கப்பட்ட ஆண்டு. பின்வரும் நான்கும் அந்த வேகனுக்கே உரிய எண். வேகன்கள் நாடு முழுவதும் பொதுவாகச் சுற்றிவருபவை ஆதலால், 06 என்று இருந்தால் வண்டி நம் பகுதியிலிருந்து புறப்பட்டது என்று கொள்ளக் கூடாது.

பதினோராவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. கற்பனையாக 3106121234 என்று எடுத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் உள்ள 1, 6, 2, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 15. அதை மூன்றால் பெருக்கினால் 45. ஒற்றைப்படை இடங்களில் உள்ள 3, 0, 1, 1, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 8. இரண்டையும் சேர்த்தால் 53. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐ எட்டத் தேவையான 7-தான் கடைசி இலக்கம். முழு எண் 31061212347. யாரேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகக் குறித்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது, பிழை உடனே வெளிப்பட்டுவிடும். வகுப்பில் கணக்குப் பாடத்தோடு சேர்த்தே இதைச் சொல்லித் தரலாம். ஆனால் எண்களை நடைமேடையில் நின்று மட்டுமே குறிக்கச் சொல்லுங்கள். நின்றிருக்கும் சரக்கு வண்டி எந்த நொடியும் நகரக்கூடும், அதன் அருகே இருப்புப்பாதையில் இறங்குவதற்குப் பிள்ளைகளை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

கேள்வி: டேங்கர்களில் பெட்ரோல் எது, ஆபத்தான ரசாயனம் எது என்று எப்படி அறிவது? – வாசகர், குடிகாடு

பதில்: சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. பி.டி.பி.என். பெட்ரோலியப் பொருள்களுக்கானது, பி.டி.பி.ஜி.எல்.என். சமையல் எரிவாயுவுக்கானது. பி.டி.ஏ.எல். என்று தொடங்குவது திரவ அமோனியாவுக்கும், பி.டி.சி.எஸ். காஸ்டிக் சோடாவுக்கும் உரியவை. டேங்கர் கசிவதைக் கண்டால் எழுத்தைப் படிப்பதற்காக நெருங்காதீர்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் சென்று நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: பயணிகள் பெட்டி போலவே இருந்தும் ஜன்னல்கள் முழுவதும் அடைக்கப்பட்ட பெட்டிகளைக் கண்டேன். அவை எந்த வகை? – வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அவை என்.எம்.ஜி. எனப்படுபவை. பயணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்ட பழைய பெட்டிகளின் இருக்கைகளை அகற்றி, ஜன்னல்களைத் தகடு கொண்டு மூடி, இரு முனைகளிலும் அகலமான கதவுகள் அமைத்துக் கார் ஏற்றிச் செல்ல மாற்றியிருக்கிறார்கள். முனைக் கதவுகளைத் திறந்து பெட்டிகளுக்கு இடையே பலகை இட்டால், கார்களை ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு ஓட்டிக்கொண்டே போகலாம். கார்களுக்கென்றே புதிதாக வடிவமைக்கப்பட்ட பி.சி.ஏ.சி.பி.எம். வேகன்கள் இவற்றிலிருந்து வேறானவை. அவற்றில் இரண்டு தளங்கள் உண்டு.