அக்காவுக்குத் தெரியாத சாயங்காலம்

வணக்கம் மேடம்,

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. இத்தாலியில் பொலோன்யா நகரத்துக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்திருக்கிறேன். செப்டம்பரில் வந்ததிலிருந்தே மனசு சரியில்லை.

முதலில் அறை. வாடகைக்கு அறை கேட்டு எழுதினால் பதிலே வராது. வந்தாலும், வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று வரும். கடைசியில் ரெண்டு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. கூட இருக்கும் பெண் நடுராத்திரி வரை போனில் பேசுகிறாள். வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பித்தேன், கைரேகை வைக்க ஜனவரியில் வரச் சொல்லிவிட்டார்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் இடைவேளை வந்தால் எல்லோரும் இத்தாலிய மொழிக்கு மாறிவிடுவார்கள். நான் பையைத் துழாவிக்கொண்டு நிற்பேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அக்காவைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு எல்லாமே அவள்தான். ஜவுளிக்கடையில் வேலை. ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்ததும் போன் செய்வாள். "சாப்பிட்டியா? பணம் இருக்கா? ரொம்பக் குளிருதா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள். இங்கே நான் படுகிற பாட்டை ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறாளா?

ஊரைக் குறை சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடைபாதை, மழை பெய்தாலும் குடை தேவையில்லை. அந்தக் காலத்தில் படிக்கவும் பிழைக்கவும் வந்து குவிந்த ஜனங்களுக்கு இடம் போதாமல் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, கீழே தூண் கொடுத்தார்களாம். 1288-ல், புது வீடு கட்டினால் இப்படி நடைபாதை விட்டே ஆகவேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியது என்று சொல்கிறார்கள். 1563-ல் அதற்காகக் கட்டிய ஆர்க்கிஜின்னாசியோ மாளிகையில், சுவரெங்கும் விதானமெங்கும் பழைய மாணவர்களின் குலச்சின்னங்கள், ஆறாயிரம் அளவுக்கு. ஒவ்வொன்றிலும் பெயர், எந்த ஊர் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் துருக்கியிலிருந்து வந்த வகுப்புத்தோழி என்னைப் பெரிய சதுக்கத்துக்கு, பியாட்சா மஜோரேவுக்கு, கூட்டிப் போனாள். பட்டம் வாங்கும் முன்னால் அதன் நடுவே குறுக்காக நடந்தால் படிப்பு முடியாதாம். அதனால் ஓரமாகவே சுற்றிப் போனோம். பக்கத்தில் பொதெஸ்தா மாளிகைக்குக் கீழே ஒரு வளைவுக் கூரை. அதன் மூலையில் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால் எதிர் மூலையில் நிற்பவருக்குக் கேட்கும். செங்கல் மூக்கில் இடிக்கிற மாதிரி நின்றேன். அவ்வளவு கூட்டத்திலும் அவள் என் பெயரைத் தப்புத் தப்பாகச் சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது. ரொம்ப நேரம் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை. அப்புறம் கூப்பிட்டு, தலைவலி, படுத்துவிட்டேன் என்று சொன்னேன். ஊரைக் காட்டச் சொல்லி அவள் கேட்டபோதும், பழைய கட்டடம்தான், ஒண்ணுமில்லை என்றுவிட்டேன். அவள் பி.ஏ. சரித்திரம் ரெண்டாம் வருஷத்தோடு நின்றவள். அது கிடக்கட்டும்.

சொல்ல வந்தது இதுதான். அறை சரியில்லை, பேச ஆளில்லை, சொந்த அக்காவுக்கே என் கஷ்டம் புரியவில்லை. திரும்பி வந்துவிடலாமா மேடம்?

- பெயர் வேண்டாம், பொலோன்யா

அன்பு மகளுக்கு,

அறை, அனுமதி, மொழி, அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாய். எல்லாம் உண்மையான கஷ்டம்தான். ஆனால் "அது கிடக்கட்டும்" என்று நீ ஒதுக்கிவிட்டுப் போன சாயங்காலத்தைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார். அறையைப் பற்றி எழுதும்போது வாக்கியங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. அந்தத் தூண்களையும் குலச்சின்னங்களையும் பற்றி எழுத ஆரம்பித்ததும் உன்னால் நிறுத்த முடியவில்லை. பேச ஆளில்லை என்கிறாய். உன்னோடு ரொம்ப நேரம் சிரித்த ஒருத்தி அதே கடிதத்தில் இருக்கிறாள்.

உனக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது, மகளே. அது அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறாய். அவள் படிப்பை விட்டதால் நீ படிக்கிறாய். அவளுக்குப் பிடித்த சரித்திரத்தின் நடுவில் நீ நடந்து திரிகிறாய், அவளோ நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அதனால் சந்தோஷம் வந்தால் ஒளித்துவைக்கிறாய், கஷ்டத்தை மட்டும் வீட்டுக்குச் சொல்கிறாய். பட்ட கடனுக்கு மாதா மாதம் வட்டி கட்டுகிற மாதிரி. உன்னிடம் அவள் வட்டி கேட்டாளா?

இந்த விஷயத்தில் நான் அக்கா பக்கம்தான். மூன்று கேள்விதான் கேட்கிறாள் என்று கோபப்படுகிறாய். தலைவலி, குளிர், ஒண்ணுமில்லை என்று மட்டும் பதில் வந்தால், கடையில் நின்று களைத்து வந்தவள் வேறு எதைக் கேட்பாள்? அவள் தானாக ஒரே ஒரு தடவை வேறொன்று கேட்டிருக்கிறாள், ஊரைக் காட்டு என்று. அதை நீ மறுத்துவிட்டாய். அவள் மனசு நோகாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாய், எனக்குப் புரிகிறது. ஆனால் அவளுக்கு எது வலிக்கும், எது வலிக்காது என்பதை அவளைக் கேட்காமல் நீயே முடிவு செய்துவிட்டாய். பாதியில் படிப்பு நின்றவளுக்கெல்லாம் அந்தப் பாடத்தின் மேல் உள்ள ஆசையும் நின்றுவிடுவதில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். தங்கை நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் அவள் தன் படிப்பைக் கொடுத்தாள். நீ தினமும் அழுதுகொண்டு பேசினால், கொடுத்தது வீண் என்றுதானே அவளுக்குப் படும்? திரும்பி வரலாமா என்கிறாய். இந்த மனநிலையில் அந்த முடிவை எடுக்காதே. திரும்பி வந்தாலும் இந்தக் குற்றவுணர்ச்சி உன்கூடவேதான் வரும்.

காட்டினால் அவள் அழலாம், கொஞ்சம் பொறாமைகூடப் படலாம். படட்டும். உடனே சமாதானம் சொல்ல ஓடாதே, "நீதான் வந்திருக்கணும்" என்று வசனமும் பேசாதே. அவள் பேசட்டும், நீ கேள்.

அறைக்கு உன் துருக்கித் தோழியிடமே சொல்லிவை. அவளைப் போன்றவர்கள் மூலமாக வருகிற தகவல்தான் உதவும். ராத்திரி போன் பேசுகிற பெண்ணிடம் ஒரு நேரம் பேசி முடிவு செய்துகொள். தூக்கமும் பசியும் தொடர்ந்து கெட்டால், உங்கள் பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கான உளவியல் உதவி இருக்கிறது, தயங்காமல் போ.

அக்கா வீட்டுக்கு வரும் ஒன்பதரைக்கு, உனக்கு இப்போது மாலை ஆறு. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் முடிய முடிய அங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். அப்புறம் அவள் போன் செய்யும் நேரத்துக்கு அங்கே இருட்டத் தொடங்கிவிடும். அதனால் இந்த வாரமே வீடியோவில் கூப்பிட்டு, நீ நடக்கிற தெருவை அவளுக்குக் காட்டு.