பழைய குதிரையின் நான்கு வயதை யார் பார்த்தார்கள்?

கேள்வி: எனக்கு வயது 24. குதிரையில் ஏறித் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் செய்கிறேன். பதினான்கு வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த குதிரைதான் இதுவரை. வந்தபோது அதற்கு 8 வயது, இப்போது 18. மூட்டு தேய்ந்துவிட்டதால் இனித் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் பந்தயத்திலிருந்து விலகிய 4 வயது தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரை ஒன்றை வாங்கினோம். ஏறும்போது நிற்பதில்லை. கடிவாள வாரை இழுத்தால் இன்னும் வேகமாக ஓடுகிறது. பழைய குதிரை நான் நினைத்தாலே திரும்பும்! பயிற்சியாளர் கடுமையான பிட் (வாயில் வைக்கும் கடிவாள இரும்பு) மாற்றச் சொல்கிறார். டிசம்பர் போட்டியில் இறக்கலாமா, இல்லை விற்றுவிடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் பழைய குதிரை 4 வயதில் எத்தனை பேரைக் கீழே தள்ளியது, எதையெல்லாம் கண்டு மிரண்டது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பாட்டையெல்லாம் வேறு யாரோ பட்டு முடித்த பிறகுதான் அது உங்கள் லாயத்துக்கு வந்தது. இப்போது அந்த யாரோவின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். இரண்டையும் ஒப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள்.

'நினைத்தாலே திரும்பும்' என்கிறீர்கள். பத்து வருடத்தில் அது உங்கள் உடம்பைப் படித்து வைத்திருக்கிறது. நீங்கள் தடையைப் பார்க்கும்போது இடுப்பு லேசாக நகர்வதே அதற்குப் போதும். தவறான தூரத்தில் கொண்டுபோய்விட்டாலும் அதுவே அடியைச் சரிசெய்துகொண்டு தாண்டியிருக்கும். இதனால் உங்கள் சைகைகள் பாதியாகச் சுருங்கியிருக்கும். அந்த அரைகுறைச் சைகைகள் புதியதற்குப் புரிவதில்லை. பத்து வருட அனுபவம் இருந்தும் திணறுவதற்குக் காரணம் இதுதான். தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குதிரையும் முரண்டு பிடிக்கவில்லை. பந்தயத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்க, குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகுகிறது. வார் இறுகினால் ஓட வேண்டும் என்பதே அது கற்ற பாடம். ஜாக்கியின் காலைப் பிடித்து இன்னொருவர் தூக்கி உட்காரவைப்பார். பல நேரம் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. ஏறுவதற்காகப் போட்ட மேடைப் பக்கம் அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொள்ள அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சில நாள் ஏறவே ஏறாதீர்கள். மேடையில் நில்லுங்கள், சேணத்தைத் தட்டுங்கள், அது அசையாமல் நின்றால் இறங்கிவிடுங்கள். அதன் பிறகு சவாரி இருபது நிமிடம் போதும்: நட, நில், மறுபடி நட. நிற்கச் சொல்லி வாரைப் பிடித்தால், அது வேகத்தைக் குறைக்க நினைத்த அந்த நொடியே பிடியைத் தளர்த்துங்கள். இரண்டு நொடி தாமதித்தால் எதற்காகத் தளர்த்தினீர்கள் என்று அதற்குத் தெரியாது. இதைச் சரியாகச் செய்வது ஒரு மீட்டர் தடையைத் தாண்டுவதைவிடக் கடினம். அது முன்னங்கால் தூக்கி எழவோ துள்ளவோ தொடங்கினால் மட்டும் தனியாகச் சமாளிக்க வேண்டாம். பந்தயக் குதிரைகளை மாற்றிப் பழக்கிய ஒருவரை அழையுங்கள்.

பிட்டை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. 4 வயதுக் குதிரைக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருக்கும். முன்பற்கள் ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் மாறும். முழு வரிசையும் அமைய 5 வயதாகும். வலிக்கும் வாயில் கடுமையான இரும்பை வைத்தால் அது இன்னும் ஓடத்தான் செய்யும். பல்லைப் பரிசோதியுங்கள். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகச் சாதாரணம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். பழைய குதிரையின் சேணத்தையே இதற்கும் போடுகிறீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இரண்டின் முதுகும் ஒன்றல்ல.

டிசம்பர் போட்டி வேண்டவே வேண்டாம். உலக இளங்குதிரை ஷோ ஜம்பிங் சாம்பியன்ஷிப்பில்கூட வயதில் மிகச் சிறிய பிரிவு 5 வயதுக் குதிரைகளுக்கானது. அவையும் அதற்கென்றே வளர்க்கப்பட்டவை. உங்களுடையதற்கு முதுகெலும்பு வளர்ந்தே முடியவில்லை. இப்போதைக்குத் தரையில் கிடத்திய கம்புகள் போதும்; டிராட்டில் (மெதுவான ஓட்டநடையில்) கடக்க 1.3 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, அதன் நடைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பழையதை லாயத்தில் கட்டிப்போட்டு விடாதீர்கள். தேய்ந்த மூட்டு சும்மா நின்றால் இன்னும் இறுகும். மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குத் தினமும் நடத்துங்கள். வெளியே போகும்போது அதை முன்னால் விட்டு, சின்னதைப் பின்னால் கூட்டிச் செல்லுங்கள். லாரியையும் நாயையும் பெரியது பொருட்படுத்தாததைப் பார்த்துச் சின்னதும் அடங்கும். இரண்டிலும் ஒரே நாளில் ஏறுவதாக இருந்தால் சின்னதில் முதலில் ஏறுங்கள். பெரியதிலிருந்து இறங்கிய கையோடு இதில் ஏறினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

டிசம்பரில் இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். சின்னதற்கு அன்று சேணமே வேண்டாம். ஒலிபெருக்கியையும் கொடிகளையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, புல் தின்றுவிட்டு வரட்டும். விற்பதைப் பற்றி அதற்கடுத்த டிசம்பரில் எழுதிக் கேளுங்கள்.