ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்: புதிய செவிலியர்களின் கேள்விகள்

எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் தேறினால் உடனே நிரந்தர வேலையா?
இல்லை. முதலில் தொகுப்பூதியம், மாதம் 18 ஆயிரம். நிரந்தர வேலைக்கான காலமுறை ஊதியம் காலியிடத்தைப் பொறுத்துப் பிறகுதான் வரும். இரண்டு வருடத்தில் நிரந்தரமாகிவிடும் என்ற கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தமிழ்த் தகுதித் தாளையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் 40 சதவீதம் இல்லையென்றால் மற்ற தாள் கணக்கிலேயே வராது.

கல்விக் கடன் தவணை எப்போது தொடங்கும்?
பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து. வட்டி அதுவரை ஏறிக்கொண்டேதான் இருக்கும். முடிந்தால் வட்டியை மட்டுமாவது இப்போதே கட்டுங்கள்.

மருத்துவமனையில் சேர ஒரிஜினல் சான்றிதழ்களும் இரண்டு வருடம் வேலையை விடமாட்டேன் என்ற பாண்டும் (ஒப்பந்தப் பத்திரம்) கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
கூடாது. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். என் முதல் வேலையில் மதிப்பெண் பட்டியல்கள், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு அலுவலக பீரோவில் பூட்டினார்கள். ஏழு மாதம் கழித்து அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. போய்க் கேட்டால், "50 ஆயிரம் கட்டிவிட்டு எடுத்துக்கொள்" என்றார் மேலாளர். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்? சரிபார்ப்பு நாள் கடந்தே போய்விட்டது.

சான்றிதழ் உங்கள் சொத்து, அடகுப் பொருள் இல்லை. ஒரிஜினலைக் காட்டுங்கள், அவர்கள் பார்த்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள், நகலை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் எழுதித் திருப்பிக் கேளுங்கள். தரவில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

அப்புறம் சம்பளம். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20 ஆயிரத்துக்குக் கீழே போகக்கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பத்தாயிரத்துக்கு ஆள் எடுத்து, அவள் ஓடிவிடாமல் இருக்கச் சான்றிதழைப் பூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சவூதி வேலைக்கு ஏஜென்ட் 3 லட்சம் கேட்கிறார்...
கொடுக்காதீர்கள். சட்டப்படி வாங்கக்கூடியது 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய். அதற்கும் ரசீது வேண்டும். குவைத் வேலைக்கு 19,500 வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கிய மோசடி 2015-ல் கொச்சியில் பிடிபட்டது மறந்துவிட்டதா? நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிந்து வையுங்கள். அங்கேயும் ஒரிஜினலைக் காட்டினால் போதும்.

பணம் கட்டாமல் ஜெர்மனியில் செவிலியர் வேலை கிடைக்குமா?
டிப்ளமோவா பி.எஸ்ஸியா, வயது என்ன, எத்தனை வருட அனுபவம், ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ஜெர்மன் மொழி பி1, பி2 நிலை வரை தேறாமல் அங்கே செவிலியராகப் பதிவு கிடைக்காது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசு நிறுவனமான தாட்கோவின் மாவட்ட அலுவலகத்தில் மொழிப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். மற்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.