பெயின்ட் காய்ந்த பிறகு வரும் கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மோதி நசுங்கிய கார்களைப் பற்றியவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: முன் பம்பர் உடைந்துவிட்டது. ஒரிஜினலில் பாதி விலைக்கு டூப்ளிகேட் கிடைக்கிறது. பார்க்க அச்சு அசல் அதே மாதிரி. போடலாமா?

பதில்: வெளியே தெரியும் பிளாஸ்டிக் உறை மட்டும் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இடுக்கு சரியாகச் சேராது, கிளிப் ஒன்றிரண்டு நிற்காது. ஆனால் உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நுரைக்கட்டை, அதன் பின்னால் குறுக்கே ஓர் உலோகச் சட்டம், பல கார்களில் அந்தச் சட்டத்தின் இரண்டு முனையிலும் நசுங்குவதற்கென்றே செய்த குட்டைப் பெட்டிகள். இவை எந்த வேகத்தில் எவ்வளவு நசுங்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கணக்குப் போட்டிருக்கிறார். ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்பதும் அதை ஒட்டித்தான். அங்கே டூப்ளிகேட் வேண்டாம். பம்பருக்குப் பின்னால், முன்னே போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் இருக்கும் கார் என்றால் உறையும் ஒரிஜினலாகவே இருக்கட்டும். பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, பெயின்ட்டை மேலே மேலே அடித்தாலே ரேடாருக்குக் கண் மங்கும்.

நானும் ஒரு காலத்தில் டூப்ளிகேட் ஹெட்லைட் வாங்கியவன்தான். ஸ்குரூ துளை அரை விரற்கடை தள்ளி இருந்தது. மெக்கானிக் அட்டைப்பெட்டியைக் கிழித்து, மடித்து, இடுக்கில் செருகினார். முதல் மழைக்கே உள்ளே நீர் கோத்துக்கொண்டது. வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளைகளைக் காட்டியது. எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஏதோ தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று ஒரு வாரம் கையாட்டிக்கொண்டு போனேன்.

கேள்வி: விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதிலாக, வேறொரு பழைய காரில் கழற்றியதை மாட்டித் தருகிறேன் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர்.

பதில்: அவர் காரில் மாட்டிக்கொள்ளட்டும்.

கேள்வி: அதே விபத்தில் சீட் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் மாற்றச் சொல்கிறார்களே, பணம் பிடுங்கவா?

பதில்: இல்லை. பெரும்பாலான கார்களில் மோதும்போது பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்க ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி உண்டு. தீக்குச்சி மாதிரி, ஒரு தடவைதான்.

கேள்வி: 'சின்னக் கீறல்தான்' என்று சொல்லி ஒரு பழைய காரை விற்றார்கள். ஆறு மாதம் கழித்து கதவு ரப்பர் கழன்றபோது பார்த்தால், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் வெல்டிங் தழும்பும் பட்டியும். 'காய்ச்சி நிமிர்த்தியிருக்கிறார்கள், உறுதியாகத்தான் இருக்கிறது' என்கிறார் டிங்கரிங் செய்பவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். உங்கள் மேல் தவறும் இல்லை. ரப்பருக்கு அடியில் இருப்பதை, வாங்க வந்தவர் எப்படிப் பார்ப்பார்?

கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், இது என் நெடுநாள் வயிற்றெரிச்சல். காய்ச்சி அடித்தால் இரும்பு நிமிரும் என்பது பழைய தகட்டுக்குப் பொருந்தும். இன்று பல கார்களின் நடுத்தூண் போரான் சேர்த்த எஃகு. சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைக்கிறார்கள். சாதாரணத் தகட்டைவிடப் பல மடங்கு வலு வருவது அந்தக் குளிர்ச்சியால்தான். அதன் மேல் மறுபடி கேஸ் நெருப்பைக் காட்டினால் பதம் போய்விடும். பெயின்ட் மட்டும் பளபளக்கும். அதனால்தான் எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கவே கூடாது, எத்தனை ஸ்பாட் வெல்டிங், எந்த இடைவெளி என்று மாடல்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தீர்களா என்று கேட்டால் 'முப்பது வருஷ அனுபவம் சார்' என்று பதில் வருகிறது. அந்த முப்பது வருஷத்தில் இந்த எஃகோடு எத்தனை வருஷம்?

அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு வழக்கு. 2010 மாடல் ஹோண்டா ஃபிட். கூரைத் தகட்டை மாற்றிய ஒர்க்‌ஷாப், ஹோண்டா சொன்னபடி வெல்டிங் வைக்காமல் பசை போட்டு ஒட்டிவிட்டது. (பசையே தப்பு என்றில்லை. சில கார்களைத் தொழிற்சாலையிலேயே ஒட்டுகிறார்கள். இந்தக் கூரை அப்படி வடிவமைத்ததல்ல.) அது தெரியாமல் அந்தக் காரைப் பழையதாக வாங்கிய தம்பதி 2013இல் விபத்தில் சிக்கிப் படுகாயமடைந்தார்கள். ஒர்க்‌ஷாப் 3.15 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2017இல் ஜூரி சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியது: சேஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, அளக்கும் பெஞ்ச் உள்ள இடத்தில் காரை ஏற்றி அளந்து, படத்தோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதை இணைத்து, விற்றவருக்கு எழுத்திலேயே அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

கேள்வி: முன் கண்ணாடி மாற்றியதிலிருந்து, ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதி தாறுமாறாகக் கத்துகிறது. கண்ணாடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: கோட்டைப் பார்க்கும் கேமரா அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. அது துளி திரும்பியிருந்தாலும் தூரத்தில் பெரிய பிசகு. கேலிப்ரேஷன் செய்தீர்களா, அதாவது கேமராவின் பார்வையை அளந்து சரிசெய்தீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 'அப்படின்னா?' என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: தெரிந்தவர் என்பதால் எஸ்டிமேட் கேட்கவில்லை. பில்லும் வாங்கவில்லை. இப்போது கார் இடது பக்கம் இழுக்கிறது, டயர் ஓரமாகத் தேய்கிறது. அவர் போனை எடுப்பதில்லை. எங்கே புகார் செய்வது?

பதில்: எதை வைத்து? என்ன பார்ட் போட்டார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட உங்களிடம் இல்லை. தெரிந்தவரிடம்தான் முதலில் பில் கேட்க வேண்டும், இதை எத்தனை தடவை எழுதுவது? சரி. முதலில் வேகமாக ஓட்டுவதை நிறுத்துங்கள். வீல் அலைன்மென்ட் பார்த்து, அளவுகளை அச்செடுத்து வாங்குங்கள். திருத்திய பிறகும் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் வராவிட்டால் எதுவோ வளைந்திருக்கிறது. புகாருக்கு உங்கள் கையில் இருக்கும் முதல் காகிதம் அதுதான்.

கேள்வி: அப்படியானால் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில்தான் விட வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. உங்கள் மாடலுக்கான தயாரிப்பாளர் ரிப்பேர் குறிப்பைத் திறந்து காட்டுகிறவர், பார்ட் நம்பரோடு பில் தருகிறவர் யாராக இருந்தாலும் சரி. நான் பெயின்ட் அடிப்பதற்கு முந்தின நாள் போய், மூடுவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்வேன். போன தடவை என்னைப் பார்த்ததும் வேலை செய்யும் பையன் எதையோ அவசரமாகத் துணி போட்டு மூடினான். விலக்கச் சொன்னேன். அவன் மதியச் சாப்பாடு.